காலி வாளி, திறந்த குழாய், விருதுநகர் பரோட்டா

தண்ணீர் வராத குழாயைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, பரோட்டா சாப்பிட ஊருக்குப் போன ஆள் நான். 2019 ஜூன் மாதம் நடந்தது. அந்த நான்கு நாளில் எனக்கு 16,700 ரூபாய் தண்டம். பணத்தையாவது விடுங்கள், ஏழு வீட்டுக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் மாடிப்படியில் தலையைக் குனிந்துகொண்டு ஏறி இறங்கினேனே, அதுதான் பெரிய தண்டம். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது அங்கே இருக்கும் என் சித்தி மகன் போன் செய்து, "அண்ணா, வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல, இங்க உக்காந்து என்ன பண்றது, காரைக்குடிப் பக்கம் நாலு நாள் நல்லா சாப்பிட்டுட்டு வரப் போறேன்" என்றான். நான் முதலில் கேட்டது, "குழாயெல்லாம் மூடிட்டியா?" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் இப்போது கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் மூன்று மாடி, எட்டு வீடு கொண்ட பழைய கட்டடம் எங்களுடையது. நான் முதல் மாடி. 2015 டிசம்பரில் இதே தெருவில் அம்மாவைக் கைத்தாங்கலாகத் தண்ணீருக்குள் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறேன், நாலே வருஷத்தில் அதே தெருவில் குடத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. 2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி. அந்த ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. எங்கள் போர்வெல் மே மாதமே காற்றைத்தான் துப்பியது. முழங்கால் வலியோடு அம்மாவால் வாளி தூக்க முடியாது என்று திருச்சியில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். 1,500 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த 9,000 லிட்டர் தனியார் லாரி 4,500 ஆனது, அதற்கும் இரண்டு மூன்று நாள் முன்னால் சொல்லிவைக்க வேண்டும். நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸில் சாப்பாடு நிறுத்திவிட்டு, பாக்கு மட்டைத் தட்டில் புளிசாதமும் தயிர்சாதமும் மட்டும் கொடுத்தார்கள். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை என்றால் மெஸ்காரரும் என்ன செய்வார். பதினெட்டு நாள் புளிசாதம் சாப்பிட்டவனுக்கு, பிப்ரவரியிலேயே போட்டுவைத்த மதுரை ரயில் டிக்கெட் கையில் இருந்தால் என்ன தோன்றும்? ரத்து செய்யலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம்தான்.

இங்கே என் முதல் தப்பு. ஊருக்குப் போவதைக் கட்டடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வெட்கம். எல்லோரும் தண்ணீருக்கு அல்லாடும் நேரத்தில் "நான் திருநெல்வேலி வரைக்கும் அல்வா சாப்பிடப் போறேன்" என்று செயலாளர் சாரிடம் எப்படிச் சொல்வது? அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கட்டடத்தின் தண்ணீர்க் கணக்கை நோட்டுப் போட்டு எழுதுகிறவர். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மொட்டை மாடி வால்வைத் திறப்பார். எப்போது திறப்பார் என்று நேரம் முன்னே பின்னே ஆகும், அதனால் நாங்கள் எல்லோருமே குழாயைத் திறந்து கீழே வாளி வைத்திருப்போம். வாளியில் விழும் சத்தம்தான் அலாரம். தண்ணீர்க் கஷ்டத்தில் இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம், இதைப்போல ஆபத்தான பழக்கமும் வேறில்லை. ஜூன் 13, வியாழக்கிழமை சாயங்காலம் அவசரமாகக் கிளம்பும்போது குளியலறைக் குழாய், பின்பக்க பால்கனிக் குழாய் இரண்டும் திறந்தே இருந்தன. சொட்டுக்கூட விழவில்லை, எனவே கண்ணிலும் படவில்லை.

மதுரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே ஒன்றும் கெட்டது நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கத் தின்றுகொண்டே இருந்தேன். வெயிலுக்கு ஜிகர்தண்டா, சாயங்காலம் கருப்பட்டி போட்ட பருத்திப்பால், ராத்திரி கறி தோசை. தோசை மேல் முட்டை, முட்டை மேல் கொத்துக்கறி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், ஒரு ஆள் ஒன்றை முடிப்பதே பெரிய காரியம். தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, எதையும் ஒன்றுக்கு மேல் சொல்லாதீர்கள், பாதி வயிற்றோடு எழுந்து அடுத்த கடைக்கு நடங்கள். அன்று நான் தங்கிய விடுதியில் இரண்டு முறை குளித்தேன். பதினெட்டு நாள் கழித்து ஷவரில் குளியல். தின்ற எல்லாவற்றையும்விட அதுதான் ருசி என்று தோன்றியது, சொன்னால் சிரிப்பீர்கள்.

சனிக்கிழமை காலை விருதுநகர். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காமராஜர் வீட்டைப் போய்ப் பார்த்தேன். அவர் முதலமைச்சராக இருந்தபோது அம்மா வீட்டுக்கு நகராட்சி போட்டுக் கொடுத்த குழாயைப் பிடுங்கச் சொன்னார் என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை நினைத்துக்கொண்டு அந்தச் சின்ன வாசலில் நின்றேன். என் வீட்டுக் குழாய் ஞாபகம் அப்போதும் வரவில்லை. விருதுநகர் மழை குறைந்த ஊர். எண்ணெய், மிளகாய் வத்தல், பருப்பு என்று வியாபாரத்தால் வளர்ந்தது. லாட்ஜில் அறை கொடுக்கும்போதே பெரியவர் ஒருவர், "குழாய்ல தண்ணி காலைல ஆறுலயிருந்து ஏழு, அதுக்குள்ள ட்ரம்ம ரொப்பிக்கிடணும்" என்றார். குளியலறையில் நீல ட்ரம், மூடியோடு. தெருவில் வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன, தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சென்னையில் நாங்கள் அந்த வருஷம்தான் கற்றுக்கொண்ட பாடத்தை இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல் இருந்தார்கள். ஒரு யோசனை: சாப்பிடப் போகிற ஊர் வறண்ட ஊர் என்றால் அறைக்குப் பணம் கட்டும் முன் தண்ணீர் எப்போது வரும் என்று கேளுங்கள். ஏசி இருக்கா, டிவி இருக்கா என்று கேட்பதைவிட அது முக்கியம்.

அன்று ராத்திரி எண்ணெய் பரோட்டா. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், குழிவான பெரிய கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, அதில் பொரிந்து மொறுமொறுவென்று வரும். பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றி, ஊறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இரண்டிரண்டாகச் சொல்லுங்கள், மொத்தமாக வாங்கினால் கடைசி இரண்டு ஊறிப்போய்விடும். நான் ஆறு சாப்பிட்டேன், சுக்கா தனி. ரயிலில் தூங்குவதற்காகச் சத்தத்தை அடைத்த போனை மறுபடி திறக்கவே இல்லை. அப்படியே லாட்ஜுக்கு வந்து பத்தரை மணிக்குப் படுத்தவன்தான்.

அதே பத்தரை மணிக்கு மடிப்பாக்கத்தில் லாரி வந்திருக்கிறது. மூன்றாவது மாடியில் மறுநாள் வளைகாப்பு, அதற்காகவே சொல்லிவைத்த லாரி. வெளியூர் விருந்தாளிகள் பன்னிரண்டு பேர் வந்து இறங்கியிருந்தார்கள், ராத்திரி யாராவது கழிப்பறை போனால் தண்ணீர் வேண்டுமே என்று செயலாளர் சார் அன்றைக்கு மட்டும் மாடி வால்வை மூடாமல் விட்டார். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். என் வீட்டில் இரண்டு குழாய்களும் ஓட ஆரம்பித்தன. பிறகு நான் வாளி வைத்துக் கணக்குப் பார்த்தேன்: ஒரு குழாய் நிமிடத்துக்குப் பத்து லிட்டர், மணிக்கு அறுநூறு. இரண்டு குழாய்க்கு ஆயிரத்து இருநூறு. ஏழரை மணி நேரத்தில் ஒன்பதாயிரம். சரியாக ஒரு லாரி. மேல்தொட்டி குறையக் குறையத் தானியங்கி மோட்டார் கீழ்த்தொட்டியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருந்தது, கீழே காலியான பிறகும் நிற்கவில்லை. வெறுமனே சுற்றிச் சுற்றி உள்ளே கம்பிச் சுருள் (காயில்) கருகிப்போனது. கீழ்வீட்டு மாமி ராத்திரியெல்லாம் கழிவுக் குழாயில் சலசலவென்று சத்தம் கேட்டு, "பாவம், வந்தவா குளிக்கிறா போலிருக்கு" என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஆறு மணிக்கு மோட்டார் அறையில் கருகிய வாடை. வளைகாப்பு வீட்டில் பல் தேய்க்கத் தண்ணீர் இல்லை. சத்தம் என் வீட்டுப் பக்கம் என்று மாமி சொல்ல, கதவைத் தட்டியிருக்கிறார்கள், போன் செய்திருக்கிறார்கள். நான் எடுக்கவில்லை. ஊரில் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது, அதனால் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடக்கிறேன் என்றே பயந்துவிட்டார்கள். தச்சரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்து உள்ளே போனால் ஆள் இல்லை, இரண்டு வாளி நிறையத் தண்ணீர் மட்டும் தளும்பிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பிறகுதான் யாருக்கோ அம்மாவின் எண் ஞாபகம் வந்து திருச்சிக்குப் பேசியிருக்கிறார்கள். அம்மா பதறிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டாள்: "அவன் விருதுநகர்ல பரோட்டா திங்கல்ல போயிருக்கான்!" ஸ்பீக்கரில். வளைகாப்பு விருந்தாளிகள் எல்லோரும் சுற்றி நிற்க.

எட்டரைக்கு எழுந்து போனைப் பார்த்தேன், 23 தவறிய அழைப்புகள். செயலாளர் சார் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நோட்டில் எழுதுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். "அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்துடறேன் சார்" என்றேன். "வந்து என்ன பண்ணப் போறீங்க? வந்தா உங்களுக்கும் சேத்துல்ல தண்ணி வேணும். டிக்கெட் படியே வாங்க" என்று வைத்துவிட்டார். வால்வை அவர் மூடியிருந்தால் இது நடந்திருக்காதே என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. ஆனால் வாதாட முகம் வேண்டுமே. கீழே இறங்கிப் படியில் உட்கார்ந்திருந்தேன். லாட்ஜ் பெரியவர் என்ன ஏது என்று கேட்க, சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தண்ணி வராத குழாயத்தான் தம்பி மொதல்ல மூடணும். வர்ற குழாய எவனும் மறக்க மாட்டான்" என்றார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். வீணான லாரி 4,500. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரத்துக்குப் பிடித்த லாரி 6,000. மோட்டார் காயில் சுற்ற 3,800, அதுவரை இரண்டு நாள் கீழ்த்தொட்டியிலிருந்து மூன்று மாடிக்கு வாளியில் சுமந்தார்கள். தச்சர் கூலி, புதுப்பூட்டு 2,400. யாரும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் நானே கொடுத்தேன், கொடுக்காமல் அங்கே குடியிருக்க முடியாது. சாப்பாட்டுப் பயணத்துக்கு ரயில், தங்கல், தீனி எல்லாம் சேர்த்து ஆன செலவு 7,200 தான்.

அப்புறம் மீதி ஊர்களையும் பார்த்தேன், ருசி தெரியாமல். ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகு அடுப்பில் பால்கோவா கிளறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த வருஷம்தான் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய். கரிசல் பூமியின் பலகாரங்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும்: மானாவாரியாக விளைந்த கடலை, எண்ணெய், வெல்லம், மிளகாய், பூண்டு. நாள்பட இருக்கும், தட்டு வேண்டாம், கை கழுவக்கூட வேண்டாம். வறண்ட காலத்தில் வீட்டில் வாங்கிவைக்க இதுபோல வேறில்லை. கோவில்பட்டிக்குக் குடிநீர் வருவதே தாமிரபரணிக் கரை சீவலப்பேரியிலிருந்து. அந்த ஆற்றுத் தண்ணீரால்தான் அல்வாவுக்கே ருசி என்று திருநெல்வேலியில் சொல்கிறார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் நெல்லையப்பர் கோவில் எதிரே இருட்டுக்கடை வரிசையில் நின்று, வீட்டுக்குக் கால் கிலோ வீதம் இரண்டு கிலோ வாங்கினேன். வெறும் கையோடு அந்தப் படியேறத் தைரியமில்லை. அல்வாவை வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது, இதைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று. நினைத்தது போலவே மூன்றாவது மாடிக்காரர் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "போறப்பவே குடுத்துட்டுப் போனீங்களே, மறுபடியுமா?" என்றார். அவர் மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நெய்க் கையைத் துடைக்கப் பழைய செய்தித்தாளையும் கூடவே கொடுத்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் தண்ணீர் வேலையை நானே தலையில் போட்டுக்கொண்டேன். மூன்று மாதம் செய்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஊருக்குப் போகும் முன் ஒவ்வொரு குழாயையும் கையால் திருகிப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் போதாது, வறண்ட குழாய் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் வீட்டுக்கான வால்வு மொட்டை மாடியில் இருந்தால் அதையும் மூடிவிடுங்கள். ஒரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும், வெட்கப்படாமல் எங்கே போகிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள், போன் சத்தத்தையும் அடைக்காதீர்கள். பல நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் தரைக் குழியில் நிற்கும் தண்ணீர் வற்றிச் சாக்கடை நாற்றமும் கரப்பானும் ஏறி வரும். அரைச் செம்பு தண்ணீர் ஊற்றி மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. இதை விருதுநகர் பெரியவர்தான் சொன்னார். மோட்டார் தானியங்கி என்றால் மேல்தொட்டியில் மட்டும் மிதவை இருந்தால் பற்றாது, கீழ்த்தொட்டி காலியானால் நிறுத்துகிற மாதிரியும் ஒன்று வேண்டும். எங்களுக்கு 1,600 ரூபாயில் முடிந்தது, முன்பே போட்டிருந்தால் 3,800 மிஞ்சியிருக்கும்.

லாரிக்காரரிடம் அளவை வாயால் கேட்காதீர்கள். எங்கள் கீழ்த்தொட்டி மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதனால் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் ஏறினாலும் 600 லிட்டர். ஒரு மூங்கில் கழியில் கோடு போட்டு, ஊற்றும் முன்னும் பின்னும் விட்டுப் பார்ப்பேன். 9,000 லிட்டர் என்றால் ஒன்றரை மீட்டர் ஏற வேண்டும், முதல் முறை அளந்தபோது ஒன்றேகால்தான் ஏறியிருந்தது. 1,500 லிட்டர் குறைவு. எத்தனை மாதமாக இப்படியோ. கழியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலே போதும், சண்டை போட வேண்டியதில்லை, அடுத்த லாரியிலிருந்து அளவு சரியாக வந்தது. உப்பு அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, ஊற்றுவதற்கு முன்பே ஒரு டம்ளரில் பிடித்துப் பார்ப்பேன். கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது, குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான்.

ஜூன் 20, வியாழக்கிழமை சாயங்காலம் சென்னையில் மழை பெய்தது. ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் குடம், அண்டா, குக்கர் வரை தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். மாடித் தண்ணீர் கீழே கிணற்றுக்குள் போக வேண்டிய குழாயில் இறங்கவே இல்லை, மாடி குளமாக நின்றது. 2003இல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தபோது கட்டிய தொட்டி, வாயில் இலையும் சுண்ணாம்புக் கட்டியும் அடைத்து எத்தனை வருஷமோ. நனைந்துகொண்டே குச்சி விட்டுக் குத்தினோம், பாதி மழை தெருவுக்குத்தான் போனது. ஜூலை 12 ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கம் வந்தபோது நாங்கள் அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, மணலும் ஜல்லியும் மாற்றி முடித்திருந்தோம்.

அந்த வாரமே மாடியில் எட்டு வால்வுக்கும் பெயின்ட்டில் வீட்டு எண் எழுதினோம். எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒருவர் மேலே திருக, ஒருவர் கீழே கத்த, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஏழு வால்வுக்கு எண் எழுதியிருக்கிறது. என் வால்வுக்கு மட்டும் மூன்றாவது மாடிக்காரர் சிவப்புப் பெயின்ட்டில் 'அல்வா' என்று எழுதிவிட்டார். இன்றைக்கும் பிளம்பர் வந்தால், "அல்வா வீட்டுக்கு அடைக்கணுமா சார்?" என்றுதான் கேட்கிறார்.